முதல் கை

ஒரு ஞாயிற்றுக்கு நானூற்றைம்பது ரூபாய்.
என் வேலை கை தூக்குவது.

காலை எட்டரைக்கு ஐந்து ரோட்டில் வேன்.
எனக்கு மூன்றாம் வரிசை, ஜன்னலோரம்.
மடியில் மஞ்சள் பை, அதிலிருந்து
பேங்க் பாஸ்புக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.
அஸ்தம்பட்டி தாண்டியதும்
பக்கத்து ஆளிடம் கேட்பேன்:
"நீங்களும் எடம் பாக்கத்தானுங்க?"
அதோடு நிறுத்திவிட வேண்டும்.
ஒரு ஆமாம் சொன்ன வாயில்
அடுத்த ஆமாம் வழுக்கிக்கொண்டு வரும் என்பார்
செங்கோட்டுவேல் சார்.

ஏற்காடு அடிவாரம். கல் நட்ட காடு.
மலையை யாரும் வாங்கப் போவதில்லை,
விலையில் மட்டும் அது சேர்ந்திருந்தது.
ஆளுக்கொரு எவர்சில்வர் சொம்பு இலவசம்.
சொம்பு வாங்கின கை சும்மா திரும்பக் கூசும்.
எனக்கு மட்டும் சொம்பு கிடையாது.
வரைபடத்தில் சிவப்புப் பொட்டெல்லாம் விற்ற மனைகள்.
பாதிப் பொட்டை முந்தின ராத்திரி
ஆபீசில் உட்கார்ந்து ஒட்டியது நான்.

சார் பேசி முடித்து, தண்ணீர் குடித்து,
பாட்டிலை மூடும்போது
தூக்குவேன்.
"பதினாலு எனக்குங்க."
உடனே இன்னொரு கை, பிறகு மூன்று,
பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம்.
அந்தப் பதினாலை நான்
முப்பத்தொரு தடவை வாங்கியிருக்கிறேன்.
குடியிருப்பது கிச்சிப்பாளையத்தில், வாடகைக்கு.

அன்றைக்கு வந்தவள் பேர் பாவாயி.
சேகோ மில்லில் இருபத்திரண்டு வருசம், காயவைக்கும் களத்தில்.
சொம்பை வாங்கிச் சுண்டிப் பார்த்தாள்.
பிரியாணி இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினாள்.
நான் கை தூக்கினேன், ஐந்தாறு கைகள் கூட வந்தன.
அவள் கை எலும்போடு இருந்தது.

சார் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.
"இன்னிக்கு விட்டா அம்பதாயிரம் ஏறிடுங்க்கா."
"ஏறட்டுங்க."
"உங்களுக்காக ஓனர்கிட்டத் தனியாப் பேசியிருக்கேன்."
"எப்பங்க? நான் வந்தே ரெண்டு மணி நேரந்தான் ஆச்சு."
"எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?"
"நாளைக்குச் சொல்றனுங்க."
"நாளைக்கு இருக்காதுக்கா."
"அப்ப அது எனக்கில்லீங்க."

கோபமில்லை, குரல் ஏறவில்லை.
எலும்பை ஓரமாய் வைத்துவிட்டுக்
கை கழுவப் போனாள்.

திரும்பும்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.
கன்னங்குறிச்சி வந்ததும் கேட்டாள்:
"பதினாலு ஏன் புடிச்சுது?"
முப்பத்தொரு தடவையில் இதை
யாரும் கேட்டதில்லை.
"கெழக்குப் பாத்த மனைங்க."
"மலை வடக்கால இருக்குது.
நீ காட்டுன கல்லு மலையைப் பாத்துல்ல நின்னுது?"
அப்புறம் பாஸ்புக்கைப் பையினுள்ளே
அவளே தள்ளிவிட்டாள், விழுந்துவிடும் என்பதுபோல.
"ரொம்ப வெள்ளையா இருக்குற சவ்வரிசிய
நான் வாங்கறதில்ல.
வெளுக்குற தொட்டிகிட்ட நின்னவ நானு."

சொம்பைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிப்போனாள்.

சனிக்கிழமை ராத்திரி சார் போன்:
"செல்வராணி, நீ இல்லாம வேன் கெளம்பாதும்மா.
உன்ன நான் வேலையாளாவா நெனைக்கிறேன்?
கூடப் பொறந்தவ மாதிரி."
நெஞ்சில் ஏதோ குளுகுளுவென்று இறங்கியது.
இறங்கும்போதே சுண்டிப் பார்த்தேன்.
சொம்புச் சத்தம்.

வீட்டு வாடகை அஞ்சாம் தேதி.
பையனின் டியூஷன் இரண்டு மாத பாக்கி.
எல்லாம் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.
"நாளைக்குச் சொல்றேன் சார்" என்றேன்.
"நாளைக்குத்தானம்மா வேன்?"

அந்தச் சொல் நாக்கில்
புதுச் செருப்பு மாதிரி கடித்தது.
கழற்றாமல் நின்றேன்,
அவர் போனை வைக்கும்வரை.